யூனிக்ஸ் சர்வர்கள் பிற இயங்குதளங்களுக்குச் சென்ற வரலாறு

யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்த சர்வர் மென்பொருள்களைப் பிற இயங்குதளங்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டுமா என்பது கணினித் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராமல் நீடிக்கும் வழக்கு. சர்வர் மென்பொருள் எனப்படுவது, வலையமைப்பின் மறுமுனையிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்று, வலைப்பக்கத்தையோ மின்னஞ்சலையோ தரவுத்தள விடையையோ திருப்பி அனுப்பிக்கொண்டு, முன்னே ஆள் யாரும் அமர்ந்திராத கணினியில் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் நிரல். ஒரு தளத்துக்கென எழுதப்பட்ட நிரலை மற்றொரு தளத்தில் ஓடும்படி திருத்தியமைப்பதைத் துறையினர் போர்ட் செய்தல் என்கின்றனர். மேலோட்டமாகப் பார்த்தால் இது நிரலின் சில பகுதிகளை மாற்றி எழுதும் வேலை. ஆனால் ஒவ்வொரு முறை இக்கேள்வி எழுந்தபோதும், அம்மாற்றத்தை யார் எழுதுவது என்பதைவிட, எழுதியபின் பத்து ஆண்டுகள் அதைப் பேணப்போவது யார் என்பதே விடையைத் தீர்மானித்திருக்கிறது.

யூனிக்ஸே பெயர்த்து அமைக்கப்பட்டு வளர்ந்த ஒன்று என்பதை இங்கு முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்னும் சிறிய கணினியில் அதைத் தொடங்கியபோது, அது அக்கணினியின் அசெம்பிளி மொழியில், அதாவது இயந்திரக் கட்டளைகளுக்கு மிக நெருங்கிய மொழியில் எழுதப்பட்டிருந்தது. 1973இல் அது ரிட்சி உருவாக்கிய சி மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது. அதன் பிறகே வேறு வகைக் கணினியிலும் அதை ஓட்டலாம் என்ற எண்ணத்துக்கு வழி பிறந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32 என்னும் கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சனும் ரிட்சியும் இன்டர்டேட்டா 8/32இல் அதே பணியைச் செய்துகொண்டிருந்தனர். அதற்கு முன்பே அக்கூடத்தினர் தங்கள் சி நிரல்களை ஐபிஎம், ஹனிவெல் நிறுவனங்களின் பெருங்கணினிகளுக்குக் கொண்டுசென்று பார்த்திருந்தார்கள். அங்கெல்லாம் தொல்லை கொடுத்தது கணினியின் வன்பொருளைவிட அதன் இயங்குதளமே. ஒரு பயன்பாட்டு நிரலை அந்நிய இயங்குதளத்துக்கு ஏற்பத் திருத்துவதற்கு ஆகும் உழைப்பில், இயங்குதளத்தையே புதிய கணினிக்குக் கொண்டுபோய்விடலாம் என்ற முடிவுக்கு ஜான்சனும் ரிட்சியும் வந்தனர். பின்னாளில் நிகழ்ந்த பலவற்றுக்கு இம்முடிவு முன்னோட்டமாக அமைந்தது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா, தன் நிதியில் இயங்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் பொதுவான ஓர் இயங்குதளம் வேண்டும் என்று கருதியபோது, வேக்ஸ் கணினிகளுக்கு டெக் நிறுவனமே அளித்த விஎம்எஸ்ஸை விடுத்து யூனிக்ஸைத் தேர்ந்தது. எங்கும் கொண்டுசெல்லத்தக்கது என அது மெய்ப்பித்திருந்ததே காரணம். இத்தேர்வு எளிதாக நடக்கவில்லை. எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் காஷ்டன் 1980இல் இரண்டு தளங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு, பல அளவுகளில் விஎம்எஸ் முந்துவதாகக் காட்டினார். பெர்க்லியிலிருந்து பில் ஜாய் யூனிக்ஸின் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவைச் செப்பனிட்டு அதற்கு விடையளித்தார். அதே காஷ்டன்தான் யூனிக்ஸ் நிரல்களை விஎம்எஸ் மேல் ஓட்டுவதற்கு யூனிஸ் என்ற இடைப்படலத்தையும் உருவாக்கினார். யூனிக்ஸ் நிரல்களை வேற்றுத் தளத்தில் வாழவைக்கச் செய்யப்பட்ட தொடக்ககால முயற்சிகளில் அது குறிப்பிடத்தக்கது. அதன் குறைகளும் இடைப்படலம் என்ற உத்தியின் குறைகளாகப் பின்னர் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டன.

டார்ப்பா நிதியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பு 1983இல் வெளிவந்தது. வலையமைப்பு இணைப்பு ஒன்றை நிரலானது ஒரு கோப்பைப் போலவே படிக்கவும் எழுதவும் உதவும் சாக்கெட் என்ற ஏற்பாடு அதன் வழியாகவே உலகெங்கும் பரவியது. மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயிலை எரிக் ஆல்மன் எழுதியதும், இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் பைண்டைப் பட்ட மாணவர்கள் எழுதியதும் அவ்வளாகத்தில்தான். பின்னாளில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எனப் பெயர் பெற்ற தரவுத்தளமும் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் அங்கேயே தொடங்கியது. இவற்றை எழுதியவர்கள் யூனிக்ஸ் அல்லாத ஒரு தளத்தை மனத்தில் வைத்து எழுதவில்லை. அப்படி எழுத வேண்டிய தேவையும் அன்று அவர்களுக்கு இல்லை. அதனால் யூனிக்ஸின் இயல்புகள் பல, எங்கும் எழுதிவைக்கப்படாத எடுகோள்களாக அந்நிரல்களுக்குள் ஊறிப்போயின.

அவ்வெடுகோள்களுள் முதன்மையானது ஃபோர்க். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று தனக்கென நினைவகத்தோடு இயங்கும்போது அதைப் புராசஸ் என்பர். யூனிக்ஸில் ஒரு புராசஸ், ஃபோர்க் என்னும் அழைப்பின் மூலம், தன் நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் இணைப்புகளையும் அப்படியே கொண்ட ஓர் இரட்டையை உண்டாக்கும். பெர்க்லியின் ஜீனி என்னும் பழைய நேரப்பகிர்வுத் திட்டத்திலிருந்து இக்கருத்து வந்தது. பிடிபி-7இல் அதைச் சேர்க்க 27 வரி அசெம்பிளி நிரலே போதுமானதாக இருந்தது என ரிட்சி பின்னர் பதிவு செய்திருக்கிறார். அந்த எளிமை சர்வர் எழுதும் கலையையே வடிவமைத்தது எனலாம். தாய்ப் புராசஸ் ஒன்று வாசலில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் தன்னை இரட்டித்துக்கொண்டு, அந்த விருந்தாளியைச் சேயிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் வாசலுக்குத் திரும்பும். சேய்க்கு எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, தாய் அறிந்த அனைத்தையும் அது பிறக்கும்போதே அறிந்திருக்கும். சேய் பிழைபட்டு மடிந்தாலும் தாய்க்கும் பிற சேய்களுக்கும் ஊறு நேராது.

ஏனைய எடுகோள்கள் இதைவிடச் சிறியவை, ஆயினும் நுட்பமானவை. யூனிக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றொரு நிரல் அழிக்கலாம், பெயர் மாற்றலாம். திறந்து வைத்திருந்த நிரல் தன் பிடியை விடும்வரை உள்ளடக்கம் அழியாது. விண்டோஸிலோ, திறந்திருக்கும் கோப்பை அழிக்க முயன்றால் பொதுவாக மறுப்பே வரும். யூனிக்ஸில் ஒரு புராசஸ் மற்றொன்றுக்குச் சிக்னல் என்னும் குறிப்பை அனுப்பி அதன் வேலையை இடைமறிக்கலாம். விண்டோஸில் அதற்கு நேரான ஏற்பாடு இல்லை. பாதுகாப்பை முதன்மையாகக் கொண்டு டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990களின் நடுவில் எழுதிய கியூமெயில் என்னும் மின்னஞ்சல் சர்வர், தன் வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு யூனிக்ஸ் பயனர் கணக்கின் பெயரில் ஓட்டி, அவை ஒன்றையொன்று நம்பாதபடி அமைத்தது. அவர் வகுத்த மெயில்டிர் அமைப்பில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பு. படிக்கப்பட்டதா, பதிலளிக்கப்பட்டதா என்ற குறிகள் கோப்புப் பெயரின் இறுதியில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமே இல்லை. இத்தகைய மென்பொருளைப் போர்ட் செய்யப் புகுபவர், வரிகளை மாற்றுவதாக எண்ணித் தொடங்கி, அதன் பாதுகாப்புக் கோட்பாட்டையே வேறோர் அடித்தளத்தில் மறுபடி எழுப்ப வேண்டிய நிலைக்கு வந்து சேர்வார். கியூமெயிலும், ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வீட்ஸ வெனெமா எழுதி 1998இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸும் யூனிக்ஸ் குடும்பத்தை விட்டு வெளியே செல்லாமல் இருந்தது அவற்றின் குறையன்று என்றே கொள்ள வேண்டும்.

1993இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டியை வெளியிட்டபோது இவ்வழக்கு புதிய கட்டத்தை அடைந்தது. அதன் தலைமை வடிவமைப்பாளர் டேவ் கட்லர், முன்பு டெக் நிறுவனத்தில் விஎம்எஸ்ஸை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். புராசஸ் என்பது கனமானது, அதை அடிக்கடி பிறப்பிக்கலாகாது என்ற பார்வை விஎம்எஸ்ஸிலிருந்து என்டிக்கும் வந்தது. ஒரே புராசஸின் நினைவகத்தைப் பகிர்ந்தபடி உள்ளே ஓடும் பல செயல் இழைகளான த்ரெட்டுகள் அங்கு மலிவானவை, புராசஸ்கள் விலை கூடியவை. யூனிக்ஸ் சர்வர்களோ இதற்கு நேர்மாறான கணக்கில் வளர்ந்தவை. 1980இல் காஷ்டனும் ஜாயும் வாதிட்ட வேறுபாடு, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் இப்படி உலகின் மேசைக் கணினிகளுக்குள் வந்து சேர்ந்தது.

என்டியில் யூனிக்ஸுக்கென ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது உண்மை. யூனிக்ஸ் வகைத் தளங்களின் பொது இலக்கணமாக ஐட்ரிபிள்ஈ 1988இல் வகுத்த போசிக்ஸ் தரத்தை அமெரிக்க அரசு தன் கொள்முதல் விதிகளில் சேர்த்திருந்தது. அவ்விதியை நிறைவேற்றவே போசிக்ஸ் துணையமைப்பு ஒன்று என்டியில் சேர்க்கப்பட்டது. ஃபோர்க் அதில் இருந்தது, ஆனால் வலையமைப்புச் சாக்கெட்டுகள் இல்லை. சாக்கெட் இல்லாத இடத்தில் சர்வர் எதுவும் ஓடாது. எனவே அந்த அறை அரசு அலுவலகத்தின் கொள்முதல் பட்டியலுக்குப் பயன்பட்ட அளவுக்கு நிரலாளருக்குப் பயன்படவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அது நீக்கப்பட்டது.

அதனினும் உயிருள்ள முயற்சி வெளியிலிருந்து வந்தது. சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் 1995இல் தொடங்கிய சிக்வின், யூனிக்ஸின் அழைப்புகளை விண்டோஸின் அழைப்புகளாக மாற்றித்தரும் ஒரு நிரலகம், அதாவது பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நாற்றை வேர்மண்ணோடு பெயர்த்து நடுவதைப் போல, நிரலைத் தொடாமல் அது வேரூன்றியிருந்த சூழலையும் உடன் கொண்டுவர அது முயன்றது. அம்முயற்சி பெரும்பாலும் வென்றது. ஃபோர்க்கில் மட்டும் இடறியது. யூனிக்ஸில் இரட்டிக்கப்பட்ட நினைவகம் உடனே நகலெடுக்கப்படுவதில்லை. தாயோ சேயோ ஒரு பக்கத்தை மாற்றும்போது மட்டும் அப்பக்கம் நகலாகும், அதனால் ஃபோர்க் விரைவானது. சிக்வினோ புதிய விண்டோஸ் புராசஸ் ஒன்றைத் தொடங்கி, நிறுத்திவைத்து, தாயின் நினைவகத்தை அதற்குள் நகலெடுத்தாக வேண்டும். தாய்க்குள் நிரலகங்கள் எந்த முகவரிகளில் அமர்ந்திருந்தனவோ அதே முகவரிகளில் சேய்க்குள்ளும் அவை அமர வேண்டும். முகவரி மாறினால் ஃபோர்க் தோற்றுவிடும். மேசைக் கணினியில் சிறு கருவிகளை ஓட்டுபவருக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்க இடர். நொடிக்கு நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஏற்க வேண்டிய சர்வருக்கு அப்படியன்று.

எனவே பெரிய சர்வர் திட்டங்கள் வேறு வழி தேடின. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய வலைச் சர்வரின் மேல் ஒட்டுப்போட்டு வளர்ந்த அப்பாச்சி, 1995இல் ஒரு குழுவின் கைக்கு வந்தது. 1998இல் வெளிவந்த 1.3 பதிப்பு விண்டோஸிலும் ஓடியது. ஆனால் அங்கு அது யூனிக்ஸ் அளவுக்கு விரைவாகவோ உறுதியாகவோ இராது என்பதை அதன் ஆவணங்களே வெளிப்படையாகக் கூறின. யூனிக்ஸில் பல சேய்ப் புராசஸ்கள் ஆளுக்கொரு வேண்டுகோளைக் கவனித்தன; விண்டோஸில் ஒரே சேய்க்குள் பல த்ரெட்டுகள் அவ்வேலையைச் செய்ய வேண்டியிருந்ததால், ஒரு நேரத்தில் ஒருவரே தன்னைப் பயன்படுத்துவார் என்று நம்பி எழுதப்பட்ட துணைநிரல்கள் அங்கே தடுமாறின. அக்குழு இதிலிருந்து பெற்ற பாடம் ஆழமானது. 2002இல் நிலைபெற்ற 2.0 பதிப்பில், கோப்பு, சாக்கெட், த்ரெட், பூட்டு ஆகிய தளம் சார்ந்த அனைத்தும் ஏபிஆர் என்ற தனி நிரலகத்துக்குள் ஒதுக்கப்பட்டன; வேண்டுகோள்களைப் புராசஸ்களுக்கோ த்ரெட்டுகளுக்கோ பங்கிடும் முறையே மாற்றிக்கொள்ளத்தக்க உறுப்பாயிற்று. யூனிக்ஸில் பழைய முறையை விரும்புவோருக்கு ஒன்று, த்ரெட்டுகளை நாடுவோருக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று என அவை அமைந்தன. விண்டோஸுக்காகத் தொடங்கிய பிரிப்பு, யூனிக்ஸ் பயனருக்கும் முன்பில்லாத தேர்வைக் கொடுத்தது. போர்ட் செய்வதற்கு ஆதரவாக வரலாறு தரும் சான்றுகளில் இதுவே மிக வலுவானது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் கதை இன்னும் நீளமானது, நீளமாகவே சொல்லத்தக்கதும்கூட. அது இணைப்புக்கு ஒரு புராசஸ் என்ற பெர்க்லி மரபைக் கைவிடாத தரவுத்தளம். அதன் போட்டியான மைஎஸ்க்யூஎல் இணைப்புக்கு ஒரு த்ரெட் என்ற முறையில் எழுதப்பட்டிருந்ததால் 1998இலேயே விண்டோஸுக்கு வந்துவிட்டது. 2002இல் வெளியான எக்ஸாம்ப் போன்ற தொகுப்புகள் அப்பாச்சியையும் மைஎஸ்க்யூஎல்லையும் வலை நிரல்மொழியான பிஎச்பியையும் ஒரே நிறுவலில் மாணவரின் விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தபோது, வலை நிரலாக்கத்தைக் கற்கத் தொடங்கிய ஒரு தலைமுறைக்குத் தரவுத்தளம் என்றால் மைஎஸ்க்யூஎல் என்றே ஆயிற்று. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லைச் சிக்வின் வழியாகவே விண்டோஸில் ஓட்ட முடிந்தது. அதை உண்மையான தரவுகளுக்கு நம்புவார் இல்லை. விண்டோஸில் தரவு கெட்டால் தரவுத்தளத்தின் பெயர்தானே கெடும் என்ற அச்சம் ஒருபுறமும், கற்பவரின் மேசையில் இல்லாத மென்பொருள் நாளை அலுவலகத்திலும் இராது என்ற கவலை மறுபுறமும் அத்திட்டத்துக்குள் நின்றன. இரண்டுமே நியாயமானவை, முடிவில் இரண்டாவது வென்றது.

2005 ஜனவரியில் வெளிவந்த 8.0 பதிப்பு, சிக்வின் இல்லாமல் விண்டோஸில் நேரடியாக ஓடிய முதல் பதிப்பு. ஃபோர்க் இல்லாத இடத்தில் தாயின் அறிவைச் சேய்க்குக் கொடுப்பதற்கு அதன் நிரலாளர்கள் எக்செக் பேக்கெண்ட் என்ற முறையை வகுத்தனர்: தாய் புத்தம்புதிய புராசஸைத் தொடங்கி, தனக்குத் தெரிந்த மாறிகளின் மதிப்புகளை எழுதிக்கொடுக்கும், சேய் அவற்றைப் படித்து, பகிர்ந்த நினைவகத்தில் தன்னை இணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். சிக்னல்களுக்கு மாற்றாக, ஒவ்வொரு புராசஸிலும் ஒரு த்ரெட் பெயரிட்ட குழாய் ஒன்றில் காதுவைத்து அமர்ந்திருந்து, வரும் குறிப்புகளை வாங்கிவைக்கும். அப்புராசஸின் முதன்மை த்ரெட் பாதுகாப்பான இடங்களில் நின்று அவற்றைப் பார்த்துக்கொள்ளும். கோப்பை அழிக்கும் அழைப்பு மறுக்கப்பட்டால், சிறிது பொறுத்து மீண்டும் மீண்டும் முயலும் சுற்று ஒன்று சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 95, 98 போன்ற பழைய பதிப்புகளுக்கு ஆதரவு தருவதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தனர். அத்தளங்களில் தரவுத்தளத்துக்கு வேண்டிய அடிப்படை வசதிகளே இல்லை.

பதிப்பு வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. பகிர்ந்த நினைவகம் எல்லாப் புராசஸ்களிலும் ஒரே முகவரியில் அமைய வேண்டும் என்பது யூனிக்ஸில் ஃபோர்க் தானே உறுதிசெய்த ஒன்று. விண்டோஸில் சேய் எழுந்து அம்முகவரியைத் தேடும்போது, வேறு ஏதேனும் நிரலகம் ஏற்கெனவே அங்கு அமர்ந்திருக்கக்கூடும். பகிர்ந்த நினைவகத்தில் மீண்டும் இணைய முடியவில்லை என்ற பிழைச்செய்தி ஆண்டுக்கணக்கில் விண்டோஸ் பயனர்களை வாட்டியது. சேய் விழிக்கும் முன்பே அதன் முகவரி வெளியில் இடம் ஒதுக்கிவைக்கும் திருத்தம் 2009இல்தான் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக இப்பிழையை விடாமல் துரத்திப் பிடிக்கும் விண்டோஸ் அறிந்த நிரலாளர்கள் அத்திட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள் என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது.

அவ்வாறான ஆட்கள் உள்ளே இல்லாத திட்டங்கள் வேறு முடிவுக்கு வந்தன. சிசிலியில் சல்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ், தரவு முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருக்கும் சர்வர். அதை வட்டில் சேமிக்க வேண்டிய நேரத்தில் அது ஃபோர்க் செய்யும். சேயிடம் அந்தக் கணத்தின் தரவு உறைந்து நிற்க, சேய் அதை நிதானமாக வட்டில் எழுத, தாய் இடைவிடாமல் புதிய வேண்டுகோள்களை ஏற்றுக்கொண்டிருக்கும். ரெடிஸின் அழகே இதில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஆதரவை முதன்மை மூலநிரலில் சேர்க்க சான்ஃபிலிப்போ மறுத்தார். அதை வேறு யாரேனும் தனிக் கிளையாகப் பேணுவதில் அவருக்கு மறுப்பில்லை. மைக்ரோசாஃப்ட் ஓப்பன் டெக்னாலஜிஸ் அப்படியொரு கிளையை உருவாக்கியது. ஃபோர்க்குக்கு ஈடாக, 2.8 பதிப்பில் நினைவகம் முழுவதும் வட்டிலுள்ள ஒரு பெருங்கோப்பாக வரையப்பட்டுச் சேயோடு பகிரப்பட்டது. நினைவகத்தில் வாழவென்று எழுதப்பட்ட சர்வருக்கு வட்டில் அத்தனை இடம் வேண்டியதாயிற்று. 2016இல் அக்கிளை நின்றுபோனது. மறுத்தவரின் முடிவு கடுமையானதாக அன்று சிலருக்குத் தோன்றியது. ஆனால் சிறு குழு ஒன்று தான் அன்றாடம் பயன்படுத்தாத தளத்தில் பிறர் தரவுக்குப் பொறுப்பேற்க மறுப்பது நேர்மையான செயலே.

எல்லாத் தளங்களுக்கும் ஆம் சொன்னதன் விலையை 2014 ஏப்ரலில் உலகம் கண்டது. இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஓட்டை போர்ட் செய்ததால் வந்ததன்று. ஆனால் அதை ஆராயப் புகுந்த ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர்கள், நினைவகம் ஒதுக்கும் வேலை சில தளங்களில் மெதுவாக நடக்கிறது என்பதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் தனக்கென ஒரு நினைவக மேலாண்மையை வைத்துக்கொண்டிருந்ததையும், இத்தகைய பிழைகளைப் பிடிக்கவென்று தங்கள் இயங்குதளத்தில் இருந்த காப்புகள் அதனால் பயனற்றுப்போனதையும் சுட்டிக்காட்டினர். அவர்கள் அதிலிருந்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற கிளையைப் பிரித்து, விஎம்எஸ், ஓஎஸ்/2, பழைய மேக், 16 பிட் விண்டோஸ் ஆகியவற்றுக்கான நிரல்களை வெட்டத் தொடங்கினர். முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் போயின. யாரும் ஓட்டாத தளங்களுக்கான வரிகள், எல்லோரும் ஓட்டும் தளத்தில் படிக்க வேண்டியவற்றை மறைத்துக்கொண்டிருந்தன என்பது அவர்கள் வாதம். அதை மறுப்பது கடினம்.

அதே ஓப்பன்பிஎஸ்டி குழுவே மாற்று வழியையும் காட்டியிருந்தது. தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சை 1999இல் அவர்கள் தொடங்கியபோதே பணியை இரண்டாகப் பிரித்தனர். ஒரு குழு ஓப்பன்பிஎஸ்டிக்கு மட்டுமே எழுதும், பிற தளங்களைப் பற்றிக் கவலைப்படாது. மற்றொரு குழு அத்தூய மூலநிரலை எடுத்து, ஏனைய தளங்களுக்கு வேண்டியவற்றைச் சேர்த்துத் தனிப் பதிப்பாக வெளியிடும். மைக்ரோசாஃப்ட் 2015இல் இதில் கைகோத்துக்கொள்வதாக அறிவித்து, 2018இல் விண்டோஸ் 10இன் பகுதியாகவே ஓப்பன்எஸ்எஸ்எச்சை வழங்கத் தொடங்கியது. மூலத்தின் தெளிவையும் பரவலின் பயனையும் ஒருங்கே காத்த ஏற்பாடுகளில் இதைவிடச் சிறந்ததைக் காட்டுவது அரிது.

பைண்டும் என்ஜின்எக்ஸும் மறுப்பு, முழு ஆதரவு என்ற இரு முனைகளுக்கும் நடுவே நின்றவை. ரஷ்ய நிரலாளர் இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட வலைச் சர்வரான என்ஜின்எக்ஸுக்கு 2009 முதல் விண்டோஸ் பதிப்பு உண்டு. ஆனால் அது சோதனைப் பதிப்பாகவே குறிக்கப்பட்டு வருகிறது, பல பணிப் புராசஸ்களைத் தொடங்கினாலும் ஒன்று மட்டுமே உண்மையில் வேலை செய்யும். பைண்டைப் பேணும் ஐஎஸ்சி அமைப்பு நெடுங்காலம் விண்டோஸ் பதிப்பைத் தந்தது; 2022இல் வந்த 9.18இல் அதைக் கைவிட்டது, 9.16 வரிசையே அங்கு கடைசி.

வேற்றுத் தளங்களிலிருந்து யூனிக்ஸ் நோக்கிய எதிர்த்திசையிலும் ஒரு நன்மை விளைந்தது. யூனிக்ஸ் மரபில், ஒரு சாக்கெட்டில் படிக்கத் தரவு வந்துவிட்டதா என்று கேட்டறிந்து, வந்தபின் படிப்பது வழக்கம். விண்டோஸ் என்டி 1994இலேயே வேறு முறையைக் கொண்டிருந்தது: படித்துவை என்று முன்கூட்டியே ஆணையிட்டுவிட்டு, வேலை முடிந்த செய்திக்குக் காத்திருப்பது. சர்வர் நிரல்களை எழுத உதவும் நோட்.ஜேஎஸ் 2011இல் விண்டோஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது, இவ்விரண்டையும் ஒரே முகத்துக்குள் அடக்கும் லிப்யுவி என்ற நிரலகம் பிறந்தது. அது வேலை முடிந்தபின் சொல்லும் முறையையே பொது இலக்கணமாக ஏற்றது. 2019இல் யூனிக்ஸ் வகைத் தளமான லினக்ஸின் கெர்னலில் சேர்ந்த ஐஓ யூரிங்கும் அதே முறையைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆண்ட்ரூ பாமன், டிமோத்தி ராஸ்கோ உள்ளிட்ட நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஃபோர்க் என்பது பிடிபி-7 காலத்துக்குப் பொருந்திய உத்தி, த்ரெட்டுகளும் பெரிய நினைவகமும் கொண்ட இக்காலக் கணினிகளுக்கு அது தடை என்று வாதிட்டது. யூனிக்ஸின் இயல்பை இயற்கை விதியாக எண்ணிவிடாமல் தடுத்ததில், வேற்றுத் தளங்களுக்குச் சென்று திரும்பியவர்களின் பட்டறிவுக்கும் பங்குண்டு.

பயணம் ஒருவழிப்பட்டதாகவும் இருக்கவில்லை. யூனிக்ஸ், விஎம்எஸ் கணினிகளுக்கென சைபேஸ் நிறுவனம் எழுதிய தரவுத்தளம், மைக்ரோசாஃப்டின் கூட்டோடு 1989இல் ஓஎஸ்/2வுக்கும் 1993இல் என்டிக்கும் சென்று எஸ்க்யூஎல் சர்வர் ஆனது. அதன் வழிவந்த மென்பொருள் 2017இல் லினக்ஸுக்கு வந்தபோது, விண்டோஸின் பகுதிகளைச் சிறிய நிரலக வடிவில் தன்னோடு சுமந்துவந்தது. அதற்கு அடித்தளமான டிராபிரிட்ஜ் ஆய்வுத் திட்டத்திலிருந்தே, லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் திருத்தமின்றி ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் முதல் வடிவமும் 2016இல் பிறந்தது. கெர்னல் அழைப்புகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்த அவ்வடிவம் கோப்பு வேலைகளில் மந்தமாக இருந்தது. 2019இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் வடிவம் மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, மெய்நிகர் கணினிக்குள் உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஓட்டியது. நிரலைத் திருத்துவதைவிட இயங்குதளத்தைக் கொண்டுபோவது எளிது என்று 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டதை மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே நடைமுறைப்படுத்தியது எனலாம். விண்டோஸ் கணினியில் கற்கவும் சோதிக்கவும் விரும்புவோருக்கு இதனால் தனிப் போர்ட்டின் தேவை பெரிதும் குறைந்தது. விண்டோஸ் சர்வர்களையே நம்பி, அவற்றின் பயனர் கணக்குகளோடும் காப்புமுறைகளோடும் தரவுத்தளம் இணைந்து நிற்க வேண்டும் என்று கருதும் அலுவலகங்களுக்கு மட்டும் அது இன்னும் குறையவில்லை.

அத்தகையோருக்கு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இன்றும் நேரடியாகவே கிடைக்கிறது. எக்செக் பேக்கெண்ட் முறையை லினக்ஸிலும் இயக்கிப் பார்க்க முடியும் என்பதால், விண்டோஸ் கணினி கையில் இல்லாத நிரலாளரும் தன் மாற்றம் அங்கு எதையேனும் உடைக்குமா என்று ஓரளவு அறிந்துகொள்கிறார். விண்டோஸுக்கென நெடுங்காலம் தனியே பேணப்பட்ட கட்டமைப்பு நிரல்கள் 2024இன் 17ஆம் பதிப்பில் நீக்கப்பட்டு, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான மீசன் என்ற கருவி அவ்விடத்தை ஏற்றது. 2025இன் 18ஆம் பதிப்பில் வட்டிலிருந்து படிக்கும் வேலையை முன்கூட்டியே ஆணையிடும் முறை வந்தபோது, லினக்ஸில் ஐஓ யூரிங்கைத் தேர்ந்துகொள்ள இடம் தரப்பட்டது. அது இல்லாத தளங்களிலும் ஓடும்படி, அதே வேலையைச் செய்யும் தனிப் பணிப் புராசஸ்கள் இயல்பு அமைப்பாக வைக்கப்பட்டன.